மேடைக்குப் பொட்டு வேண்டாமாம்

மாங்கேணி, 2010

சேவைக் கழகத் தலைவருக்கு,

இவ்வளவு காலம் வாயை மூடியிருந்தது போதும். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்த உன்னைத் தலைவர் என்று அழைக்க நீதான் பழக்கினாய். சுனாமியில் வீடிழந்து நின்ற எனக்கு அரிசிப் பை தந்தாய். படம் சரியாக விழவில்லையென்று அதைத் திருப்பி வாங்கி மறுபடியும் தந்தாய். அன்றே கழகத்தை விட்டேன். அது கிடக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் விதவைகளுக்குத் தையல் மெசின் கொடுக்கிறீர்கள். என் தங்கை தர்சினிக்கும் ஒன்று உண்டு. யுத்தத்தின் முடிவில் வன்னியில் காணாமற்போன கணவனை அவள் இன்னும் தேடுகிறாள். நேற்று உன் செயலாளர் வந்து, "பொட்டோட மேடைக்கு வராத தங்கச்சி, படத்துக்குச் சரிவராது" என்றார்.

அவர் போனபின் அவள் என்னிடம் கேட்டாள்: "மெசின் இல்லாட்டிப் புள்ளையளுக்குச் சோறில்ல, அண்ணன். அதுக்காக உசிரோட இருக்கிற மனிசன நான் சாகடிக்கிறதா?"

மேடையில் கட்டும் பதாகையிலிருந்து 'விதவைகள்' என்ற அந்தச் சொல்லை எடுத்துவிடு. முடியாவிட்டால் மெசினை வீட்டில் கொண்டுவந்து கொடு. உன்னிடம் நானாக ஒன்று கேட்பது இதுவே முதல் தடவை.

கீழே 'உன் நண்பன்' என்று எழுத இன்னும் மனம் வரவில்லை. வேறெதையாவது எழுதினால் அவளுக்கு மெசின் வராது. என் எழுத்து உனக்குத் தெரியும்; கையெழுத்தில்லாமலே தபாலில் போடுகிறேன்.