முதல் பிக்கப்

மும்பை, ஜூன் 14, செவ்வாய்

மாட்டுங்கா கல்யாணராமன் சார் இன்று போன் செய்தார். நாளைக்குப் பள்ளி திறக்கிறது. "என்ன முருகேசன், சௌக்கியமா? பொண்ணுக்கு நம்ம வேன்லயே ஒரு ஸீட் போட்டுடுங்கோ." நம்ம வேனாம்!

லாக்டவுனில் என் ஸ்கூல் வேன் நின்றபோது, எனக்குப் பாதிக் கட்டணமாவது கொடுக்கலாம் என்று மற்ற பெற்றோர்கள் பேசினார்கள். "ஆத்துல தூங்கறவருக்கு எதுக்குப் பணம்?" என்று வாட்ஸ்அப் குரூப்பில் எழுதியவர் இவர்தான். அதோடு எல்லோரும் அடங்கிவிட்டார்கள். பிள்ளைகள் உட்கார்ந்த அதே வேனில் வெங்காயம் ஏற்றி தாராவிச் சந்துகளில் விற்றேன்.

இடமில்லை என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனால், "இருக்கு சார். உங்களுக்குத்தான் ஃபர்ஸ்ட் பிக்கப்" என்றேன். தேங்க்ஸ் வேறு சொன்னார்.

முன்பெல்லாம் தாதர் பிள்ளைகளை ஏற்றிவிட்டு, கடைசியாக அவர் மகளை ஏற்றி, செம்பூர்ப் பள்ளிக்குப் போவேன். இனி ஒரு மணி நேரம் முன்னாலேயே, முதலில் மாட்டுங்கா. அப்புறம் தாதர் போய், அவர் வீட்டு வாசல் வழியாகவே திரும்பி வருவேன். பிள்ளை பின் ஸீட்டில் படுத்துத் தூங்கட்டும், தலையணை எடுத்து வைத்துவிட்டேன். அவளிடம் எனக்கென்ன கோபம்? இருட்டில், மழையில், கேட்டில் நின்று அவளைக் கையில் பிடித்துக் கொடுக்க வேண்டியவர் அவர்.

என் மனைவி செல்வி சிரிக்கிறாள். "அவரை எழுப்பணும்னா, அதுக்கு முன்னால நீங்கல்லா எந்திரிக்கணும்?"

எழுந்திருக்கிறேன். அவர் கணக்கில் இரண்டு வருஷம் தூங்கியவன் நான். இன்னுமா தூக்கம் வேண்டும்?

அலாரம் வைத்தாயிற்று.