மூன்றாம் மாடியில் ஓடிய கரண்ட்

செப்டெம்பர் 3, திங்கள்

விடியவே தூறல். குடையைப் பஸ்ஸில் விட்டாயிற்று. நனைந்துகொண்டு கட்டுகஸ்தோட்டை வீதி.

சுப்பையா முதலாளியின் புதுக் கட்டடம். நாலு மாடி, இன்னும் ஒருவரும் குடிவரவில்லை. கீழ் மாடியை வாடகைக்கு எடுக்கப்போகிற வங்கி, கட்டடம் எவ்வளவு கரண்ட் தின்னும் என்று சேர்ட்டிபிக்கற் கேட்கிறதாம். அளந்து, பார்த்து, கையெழுத்து வைக்க வேண்டியவன் நான்.

வழியில் சென்ரி, சோதனைக்கு இரண்டு ஆமிக்காரர். பைக்குள் வெப்பமானி, வெளிச்சம் அளக்கும் மீற்றர், வயர், கட்டடத்தின் பிளான். ஐசியில், அடையாள அட்டையில், யாழ்ப்பாண விலாசம். வேறென்ன வேண்டும்? முக்கால் மணித்தியாலம். கட்டடத்துக்குச் சூடு பார்க்கிறேன் என்று சிங்களத்தில் சொன்னேன். ஒருவன் சிரித்தான், மற்றவன் சிரிக்கவில்லை.

இன்று நம்பாதவை:
– பல்பு எல்லாம் சிக்கன பல்பு. போன வருடம் ஒரு ஹோட்டல்காரன் சோதனை நாளுக்கு மட்டும் இரவல் வாங்கி மாட்டினான். அதனால் பிறகு மாற்றினால் தெரிய ஒவ்வொன்றின் அடியிலும் ஆணியால் கீறல் போட்டேன்.
– மேற்குப் பக்கம் "சூடு வராத கண்ணாடி". ஓரத்தில் தாள் உரிந்து நிற்கிறது. சாதாரணக் கண்ணாடி, மேலே ஒட்டிய தாள்.
– வாச்சர் முத்தையா. கலஹாப் பக்கத்து ஆள், அறுபது வயதிருக்கும். நான் மூன்றாம் மாடிக்கு ஏறினால் மட்டும் தேத்தண்ணி கொண்டுவருகிறான். பின் அறை பூட்டு. சாவி முதலாளியிடமாம்.

மாடிக்கொரு லொகர் பூட்டினேன். சிறிய கறுப்புப் பெட்டி; அந்த மாடியில் எந்த நேரத்தில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று ஒரு கிழமைக்குப் பதியும். வெறும் கட்டடத்தில் ஒன்றும் ஓடக்கூடாது. ஓடினால் கசிவு, அல்லது களவு.

முத்தையா தள்ளி நின்று, "சார், இது வெடிச்சி கிடிச்சிப் போயிறாதுங்களே?"

"வெடிக்காது. என்ர பேரும் போன் நம்பரும் மூண்டு பாஷையில ஒட்டியிருக்கு. வெடிச்சா முதல்ல என்னைத்தான் பிடிப்பாங்கள்."

அவன் சிரிக்கவில்லை. எனக்கும் பிறகு சிரிப்பு வரவில்லை.

செப்டெம்பர் 6, வியாழன்

மழை இல்லை. வயிறு சரியில்லை, நேற்றைய கொத்து ரொட்டி.

யாழ்ப்பாணத்துக்கு லைன் கிடைத்தது. மனைவி: சீனி இல்லை, பெற்றோல் இல்லை, மூடின பாதை எப்ப திறப்பாங்கள்? எனக்கென்ன தெரியும். கோபமாகப் பேசிவிட்டேன். வைத்த பிறகு மனவருத்தம். திரும்ப எடுத்தால் லைன் இல்லை.

எனக்கு அறை வாடகைக்குத் தந்த வீட்டுக்காரம்மா இன்றைக்கும் கேட்டாள், எங்கே போகிறாய், எத்தனை மணிக்கு வருவாய் என்று. அக்கறையா, வேறு யாருக்காவது சொல்லவா? இங்கே தங்குவதற்குப் பொலிசில் பதிந்த பதிவுத்தாள் மேசை லாச்சியில் இருக்கிறதா என்று மறுபடி பார்த்தேன். இருக்கிறது.

செப்டெம்பர் 10, திங்கள்

வானம் மப்பு. லொகர் நாலையும் கழற்றி வந்து கணினியில் போட்டேன்.

முதலாம், இரண்டாம், நாலாம் மாடி – நேர்கோடு. மூன்றாம் மாடி – ஐயோ. பின் அறைப் பக்கத்து லைனில் ஒரு நாளைக்கு ஐந்து தரம் எழும்பி விழுகிறது. காலை ஏழே முக்கால், பத்தரை, ஒன்றரை, நாலேகால், ஆறரை. ஒவ்வொரு தரமும் ஆயிரம் வாட், நாலைந்து நிமிஷம். ஞாயிறும் லீவில்லை.

கசிவு இப்படி மணி பார்த்து வராது. இது ஆள். ஆயிரம் வாட் என்றால் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தல். ஒருவன் ஒரு நாளைக்கு ஐந்து தேத்தண்ணி, அதுவும் மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தரம் குடிப்பானா? முத்தையா அறையை யாருக்கோ வாடகைக்கு விட்டிருக்கிறான். அதுதான் அந்த உபசரிப்பு!

உடனே சுப்பையாவுக்குப் போன். சொன்னதும் குரல் இறங்கிவிட்டது. "நம்ம பில்டிங்லயா? ஆளு இருக்கா? யாருகிட்டயும் வாயத் திறக்காதீங்க."

கள்ளனைப் பிடித்த சந்தோஷம் எனக்கு. உண்மையை எழுதத்தானே இந்தக் கொப்பி. நல்ல சந்தோஷம். இரண்டு ரோல்ஸ் வாங்கிச் சாப்பிட்டேன்.

செப்டெம்பர் 11, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும்.

சொல்லாமல் பத்து மணிக்குப் போனேன். முத்தையா கேற்றில் இல்லை. சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிப் படியில் இருந்தேன். பத்தரை. கேத்தல் கொதிக்கும் சத்தம். பின்னால் குழந்தை அழும் சத்தம். சின்னக் குழந்தை.

தட்டினேன். சத்தம் எல்லாம் நின்றது. குழந்தையின் வாயைப் பொத்தியிருக்க வேண்டும். அதுதான் இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

முத்தையா கீழிருந்து ஓடி வந்தார். மூச்சு வாங்குகிறது. "சார், நீங்க பொலிசுங்களா? உண்மையச் சொல்லிருங்க சார்."

என்னைப் பார்த்து!

உள்ளே ஒரு பெண், சாந்தி, அவருடைய தங்கச்சி மகள். எட்டு மாதப் பொடியன். ஒரு பாய், கேத்தல், பிளாஸ்க், பால் போத்தல், சீமெந்துப் பையை விரித்து அதன்மேல் துணிகள். பின் அறைக்கு ஒரு சாவி முத்தையாவிடமும் இருந்திருக்கிறது.

"எங்க அப்பா கலவரத்துக்குப் பயந்து கலஹாவ விட்டு வன்னிக்குப் போனவரு," என்றாள் சாந்தி. "நான் அங்கதான் பொறந்தேன். ஐசி கிளிநொச்சி. புள்ளைக்கு நெஞ்சுல ஓட்டையாம். பாஸ் எடுத்து வவுனியா வந்தோம், அங்கேருந்து இங்க அனுப்பினாங்க. இருவத்தோராந் தேதி பேராதனை ஆஸ்பத்திரியில கிளினிக்."

"பொலிசில பதியேல்லையோ?" என்றேன்.

முத்தையா சொன்னார்: "புலிங்க பக்கத்துக் கிளிநொச்சி ஐசியோட போய் நின்னா பதிவாங்களா, புடிப்பாங்களா? போன மாசம் லொட்ஜ்ல இருந்த ரெண்டு பேர ஏத்திக்கிட்டுப் போனாங்க. இன்னும் வரல சார்."

ஐந்து தரம் கேத்தல். ஐந்து தரம் பால். ராத்திரிக்குப் பிளாஸ்க். என் வீட்டிலும் ஒரு காலத்தில் இதே கணக்கில் போத்தல் கழுவியிருக்கிறேன். கணினியில் அந்தக் கோடு எழும்பி விழுந்ததைப் பார்த்ததும் தெரிந்திருக்க வேண்டும். கள்ளன் என்றுதான் தெரிந்தது.

சுப்பையாவுக்குச் சொல்லிவிட்டேன் என்பதை அவர்களுக்குச் சொன்னேன். சாந்தி போத்தலை ஆட்டிக்கொண்டே இருந்தாள். வெட்கமாக இருந்தது. இப்பவும் இருக்கிறது.

செப்டெம்பர் 12, புதன்

மழை, நல்ல மழை.

இதை மறந்துவிடுங்கள் என்று கேட்கச் சுப்பையாவின் பழைய கடைக்குப் போனேன். பிந்திவிட்டது. மனுஷன் நேற்றே பொலிசுக்குப் போயிருக்கிறார்.

"எம்பத்தி மூணு கலவரத்துல என் கடை எரிஞ்சிச்சு சார். நான் எதிர்க் கடையில ஒளிஞ்சி நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். நம்ம பில்டிங்ல யாரோ இருக்கான்னு வேற எவனாவது போய்ச் சொன்னா, நாளைக்கு என்னையில்ல புலின்னுவான்? அதான் முந்திக்கிட்டேன்."

அவரைத் திட்ட வேண்டும் போலிருந்தது. திட்ட என்ன இருக்கிறது? முந்திச் சொன்னவன் நான்.

வாய் தானாகச் சொன்னது: "அது நான்தான், முதலாளி. லொகர் சரியாப் பதியுதோ எண்டு பாக்கக் கேத்தல் போட்டனான். சோதனை லோட். திங்கக்கிழமை மறந்துபோய் உங்களைக் கலவரப்படுத்திப்போட்டன்."

சுப்பையா நம்பினாரா? நம்பாவிட்டாலும் அவருக்கு அது வசதி. போனை எடுத்துப் பேசினார். பிறகு என்னிடம்: "வெள்ளிக்கிழமை ஒம்பது மணிக்கு நீங்க ஸ்டேசனுக்கு வரணுமாம். ரிப்போர்ட்டையும் கொண்டுவரச் சொல்றாங்க. நாளைக்கு மத்தியானம் பில்டிங்கையும் வந்து பாப்பாங்களாம்."

செப்டெம்பர் 13, வியாழன்

பொலிஸ் வருகிறது என்று நேற்றே சொல்லிவிட்டேன். விடியற்காலை முதல் பஸ்ஸில் முத்தையா இரண்டு பேரையும் கலஹாவுக்குக் கூட்டிப் போய்விட்டார். தேயிலைத் தோட்டத்து லயத்தில் சொந்தக்காரர் வீடு. கிளினிக் நாளன்று அங்கிருந்து பேராதனைக்கு நேர் பஸ் இருக்கிறதாம். கொழுந்தெடுக்கிற பெண்களோடு பெண்ணாக ஏறினாளாம். பிள்ளை அழவில்லையாம்.

அவர் திரும்பி வந்ததும் இருவரும் அறையைக் கழுவினோம். பாய் எரித்தாயிற்று. சிந்திய பால் மாவை எறும்பு காட்டிக்கொடுத்தது, அதையும் துடைத்தோம். கேத்தலை மட்டும் விட்டு, பக்கத்தில் என் மீற்றர், என் வயர்.

கேற்றில் வருகிறவர் போகிறவர் பெயர் எழுதும் புத்தகம் ஒன்று. அதில் நான் மூன்றாம் தேதியும் பத்தாம் தேதியும்தான் வந்திருக்கிறேன். ஒரு கிழமை முழுக்கக் கேத்தல் போட்டவன் தினமும் வந்திருக்க வேண்டுமே. பழைய புத்தகம் மழையில் நனைந்துவிட்டதென்று சொல்லி, நான் தினமும் வந்ததாகப் புதுப் புத்தகத்தில் முழுவதையும் திரும்ப எழுதலாம் என்றார் முத்தையா. எழுதினால் அவர் கழுத்தும் இதில். எழுதாவிட்டால் என் கழுத்து மட்டும்.

"எழுதிப்புடுறேன் சார்."

பின்னேரம் போன் பண்ணினார். இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம். கேத்தலைத் தூக்கி முகர்ந்து பார்த்தார்களாம். புத்தகத்தைக் கேட்டார்களா என்று நான் கேட்க முன் காசு முடிந்து லைன் அறுந்துவிட்டது.

ரிப்போர்ட் முடித்தேன். மேற்குக் கண்ணாடிக்குப் புள்ளி வெட்டினேன், அதில் விட்டுக்கொடுக்கவில்லை. மூன்றாம் மாடி: "பரிசோதகர் வைத்த சோதனை லோட்." என் கையெழுத்துக்கு மேல் முதல் பொய். பேனா வழக்கம்போலத்தான் எழுதியது. கட்டடம் பாஸ்.

செப்டெம்பர் 14, வெள்ளி

மழை விட்டிருக்கிறது. வெள்ளைச் சட்டை. வீட்டுக்காரம்மாவிடம் எங்கே போகிறேன் என்று இன்றைக்கு நானே சொன்னேன். பின்னேரம் வராவிட்டால் யாழ்ப்பாணத்துக்குச் சொல்ல நம்பரும் கொடுத்தேன். வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள், ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

கொண்டுபோவது: ஐசி, பதிவுத்தாள், ரிப்போர்ட் இரண்டு பிரதி, வயிற்று மாத்திரை.

புத்தகம்? எழுதியிருப்பார். எழுதியிருப்பார் என்று வைத்துக்கொண்டுதான் போகிறேன்.

கேத்தலில் என்ன காய்ச்சினாய் என்று கேட்டால் வெறும் தண்ணீர். கேட்டுக்கொண்டே இருந்தால் தேத்தண்ணி. பிளேன்டீ. பால் என்ற சொல் வாயில் வரக்கூடாது.