அப்பாவுக்கு வந்த இருதய நோய்

9.9.91
நர்ஸ் வேலைக்குச் சர்டிபிகேட் மட்டும் போதாதாம். கவரிங் லெட்டரும் வேண்டுமாம். மூன்று வருஷம் ஊசி போடப் படித்தவளுக்கு லெட்டர் எதற்கு? டைப்ரைட்டிங் பரசுராமன் அண்ணன் சிரித்தார். "லெட்டர் இல்லன்னா கவரையே பிரிக்க மாட்டாங்கம்மா." எங்கள் செட்டில் எல்லாரும் அவரிடம்தான் அடித்து வாங்கினார்கள். சரி, நானும்.

10.9.91
அழகான இங்கிலீஷ். ஆனால் நடுவில் ஒரு வரி — என் தகப்பனார் இருதய நோயால் படுக்கையில் கிடக்கிறாராம்! அப்பா அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவர். "அண்ணே, இது பொய்யாச்சே?" என்றேன். "அந்த வரிதாம்மா வேலை வாங்கித் தரும்." கையெழுத்துப் போட்டுவிட்டேன். அப்பாவிடம் மூச்சு விடவில்லை.

24.9.91
இன்டர்வியூ கார்டு வந்துவிட்டது! ஸ்ரீபெரும்புதூரில் புதிதாகத் திறக்கிற ஆஸ்பத்திரி. ஒரே இடம்தான். கிடைக்காவிட்டால் பம்பாய் — அம்மா இல்லாத வீட்டில் அப்பாவைத் தனியே விட்டுவிட்டு. முடியாது. கிடைத்தே ஆக வேண்டும்.

27.9.91
ஐயோ, சிரிப்பு இன்னும் அடங்கவில்லை!

அப்பா பஸ்ஸை நம்பாமல் சுங்குவார்சத்திரத்திலிருந்து சைக்கிளிலேயே டபுள்ஸ் மிதித்தார். உள்ளே மேட்ரன் தாயாரம்மாள் என் லெட்டரைப் பார்த்து, "அப்பாவுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்றார். ஜன்னலுக்கு வெளியே அப்பா, கீல் கழன்ற இரும்புக் கேட்டை வாட்ச்மேனுக்காகத் தூக்கி மாட்டிக்கொண்டிருக்கிறார்! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. போச்சு, வேலை போச்சு.

"பொய் மேடம். அதோ, அவர்தான் எங்கப்பா."

மேட்ரன் கண்ணாடியைக் கழற்றினார். "உன்னோட சேர்த்து அஞ்சு பொண்ணுங்க. அஞ்சு அப்பாவும் இதே நோய்ல படுத்திருக்காங்க. நாலு பேர் அழுதாங்க. நீ ஒருத்திதான் சிரிச்சே." ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். "நீயே எழுது."

தமிழிலேயே எழுதினேன். ஊசி போடுவேன், கட்டுக் கட்டுவேன், எந்த ஷிப்டும் பார்ப்பேன். அப்பா நலம், சைக்கிள் மிதிக்கிறார்.

28.9.91
அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "அடிப்பாவி! நல்லா கீற மனுசனைப் படுக்க வச்சிட்டியே!" என்று கத்தினார். சாயங்காலம் டீக்கடையில் அவரே எல்லாரிடமும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

7.10.91
கிடைத்துவிட்டது! கிடைத்துவிட்டது! பரசுராமன் அண்ணனுக்கு லட்டு கொடுத்து நடந்ததை எல்லாம் சொன்னேன். லட்டைத் தின்றபடி கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

2.12.91
இன்னொரு நர்ஸ் வேண்டுமென்று விளம்பரம் கொடுத்திருந்தோம். மேட்ரன் ஒரு கட்டு லெட்டரை என்னிடம் போட்டு, "படி" என்றார். முகத்தில் ஒரு மாதிரிச் சிரிப்பு.

ஏழு லெட்டர். ஏழும் பரசுராமன் அண்ணன் அடித்தது. ஏழு தகப்பனார்களும் பூரண நலம். தினமும் சைக்கிள் மிதிக்கிறார்கள்.