பதினெட்டுக்கு எத்தினை

ஒக்ரோபர் 4, சனி

காலமை தொடங்கி மழை. வேலை இல்லாத நாள். சோதினைக்கு இன்னும் ஐஞ்சு கிழமை.

மேசையில மூண்டு:
– பச்சை மட்டைப் பயிற்சிப் புத்தகம். வார்டில கூட வேலை செய்யிற ஒருத்தி தன்ர மகளுக்கு வாங்கினது, இரவல்.
– இணையத்தில ஒரு பயிற்சி. கண் நோகுது.
– பாஸ்ட் பேப்பர் கட்டு, பழைய சோதினைத் தாளுகள். சோதினை வைக்கிறவையே வெளியிட்டது. தெரிஞ்ச பிள்ளை துளசி தந்தவள். பொடி எழுத்து, படமும் இல்லை.

மருத்துவப் படிப்புக்கு எடுக்கிற சோதினையில மற்றப் பகுதியள் எனக்குப் பரவாயில்லை. கணக்கு ஓடும், வரைபடம் ஓடும். வாசிப்புப் பகுதிதான் போனமுறை என்னைக் கவிட்டது. நெருக்கி அடிச்ச ஜெர்மன் உரை, ஒரு பக்கத்துக்கு மேல, அதிலயிருந்து கேள்வி. நான் பதினைஞ்சு வயசில வந்து படிச்ச பாஷை. இங்க பிறந்த பிள்ளையளோட ஓடவேணும். வயசு 34. பன்னிரண்டு வருசமாய் நேர்ஸ். இது இரண்டாம் தரம். மூண்டாம் தரம் எழுத விடமாட்டினம்.

பச்சை, 1ஆம் தாள், வாசிப்பு: 18க்கு 15. நம்பேலாமல் திரும்பவும் திருத்தினன். 15தான்.

ஒக்ரோபர் 7, செவ்வாய்

பச்சை, 2ஆம் தாள்: 16!

என்ர மனுசன் பிரிட்ஜில ஒரு கடதாசி ஒட்டி 15, 16 எண்டு பெரிசாய் எழுதி வைச்சிருக்கிறார். ஞாயிறு கோயிலில சாப்பாட்டு வரிசையில நிக்கேக்க நாலு பேருக்குச் சொல்லியும் போட்டார். தேவன் அண்ணை கேட்டாராம், "அப்ப டொக்டர் அம்மா எண்டு கூப்பிடலாமோ?" இவர் சிரிச்சுச் சிரிச்சுச் சொல்றார்.

வாங்க வேண்டியது: பால், மணிக்கூட்டுக்குப் பற்றரி, மிளகாய்த்தூள்.

ஒக்ரோபர் 11, சனி

பெரிய காத்து. பாஸ்ட் பேப்பர் எடுத்தன், நேரம் வைச்சு. 18க்கு 6.

ஆறு.

துளசிக்குப் போன் எடுத்தன். இங்க பிறந்தவள், மூண்டாம் வருச மருத்துவ மாணவி. தமிழ் யோசிச்சு யோசிச்சுத்தான் வரும்.

"அக்கா, அந்தப் பச்சையில என்ன என்ன உரை?"

"இன்சுலின். இதய வால்வு. புண் ஆறுறது."

"எல்லாம் உங்கட வேலைதானே. ஒருக்கா உரையை வாசிக்காமல் கேள்விக்கு மட்டும் பதில் போட்டுப் பாருங்கோ."

பச்சை, 3ஆம் தாள். உரையைத் துவாயால மூடிப்போட்டு. 18க்கு 13.

ஒரு வசனமும் வாசிக்காமல் பதின்மூண்டு. அப்ப அந்த 15, 16 எல்லாம் வார்டில நிண்டு படிச்சது. என்ர வாசிப்புக்குக் கிடைச்சது ஆறுதான்.

இவர் வேலையால வந்து, "இண்டைக்கு எத்தினை?"

"பதினைஞ்சு."

எழுதினார்.

ஒக்ரோபர் 15, புதன்

காலமை வேலை. வந்து பாஸ்ட் பேப்பர்: 7. இரண்டு தாளையும் அலுமாரியில, உடுப்புக்கு அடியில வைச்சிட்டன்.

இணையப் பயிற்சியை நிப்பாட்டியாச்சு. உரையள் குட்டி, அமத்தின உடன பதில் காட்டுது. அதில பழகினா பொறுமை கெட்டுப்போகும்.

கால் வீக்கம். புதுச் சப்பாத்து வேணும்.

ஒக்ரோபர் 19, ஞாயிறு

நாளைக்குத் தீபாவளி. இவர் வேட்டி தேடப் போய் தாளைக் கண்டிட்டார்.

"இதென்ன, 6, 7 எண்டு?"

நான் அலுமாரிக் கதவைச் சாத்தப் பாத்தன்.

"வதனி, இதென்ன எண்டு கேக்கிறன்."

"அதுதான் என்ர உண்மையான மாக்ஸ். பச்சை சரியில்லை."

"அப்ப ஏன் எனக்குப் பதினைஞ்சு எண்டு சொன்னனீர்?"

"நீங்கள் கோயில் முழுக்கச் சொல்லிப்போட்டீங்கள். நான் பிறகு என்னண்டு ஆறு எண்டு சொல்றது?"

வேட்டியைக் கதிரையில எறிஞ்சிட்டுப் பல்கணிக்குப் போனார். தூறல். உள்ளுக்கு வரேல்லை. நானும் கூப்பிடேல்லை. அரை மணித்தியாலம் இருக்கும். ஈரத் தலையோட வந்து மேசையில இருந்தார்.

"எங்க, ஒண்டைக் காட்டும்."

"உங்களுக்கு விளங்காது." சொல்லியிருக்கக் கூடாது. வாகன உதிரிப்பாகக் களஞ்சியத்தில வேலை செய்யிற மனுசன், மருத்துவம் தெரியாதுதான். எண்டாலும் சொல்லியிருக்கக் கூடாது. நீட்டின கையை அவர் எடுக்கேல்லை. குடுத்தன்.

ஒரு சுரப்பி பற்றின உரை. விரலை வைச்சு, வரி வரியாய், வாய்க்குள்ள முணுமுணுத்து, நாப்பது நிமிசம். ஆறு கேள்வியில நாலு சரி. அதே உரையில எனக்கு இரண்டு.

"மூண்டாவதை எப்பிடிப் பிடிச்சனீங்கள்?"

"இதில அப்பிடித்தானே போட்டிருக்கு." விரல் ஒரு வசனத்தில. "அந்த எலியளுக்குப் பிரஷர் குறைஞ்சதாம்."

நான் அந்த வசனத்தை வாசிக்கவே இல்லை. எங்கட நோயாளியளுக்குக் கூடும். அதனால கூடும் எண்டு போட்டிட்டன்.

இவர் எழும்பிப் போய் பிரிட்ஜ் கடதாசியைக் கிழிச்சார்.

ஒக்ரோபர் 20, திங்கள்

பச்சை: திருப்பிக் குடுத்தாச்சு.
இனிப் பாஸ்ட் பேப்பர் மட்டும்.
இடையில, எனக்கு ஒண்டும் தெரியாத விசயத்தில உரை. துளசிக்கு எழுதினன். மீன் செவுள் பற்றி நாலு பக்கம் அனுப்பியிருக்கிறாள், சிரிக்கிற முகம் போட்டு.
எந்த வரியில இருக்கு எண்டு விரல் வைக்காமல் பதில் போடக் கூடாது.

இவர் பின்னேரம் வடையோட வந்தார். மேசையில வைச்சிட்டு உள்ள போயிட்டார்.

ஒக்ரோபர் 29, புதன்

8. 11. 9. பிழை குறையுது, ஆனா நேரம் காணாது. கடைசி உரையைத் தொடவே ஏலாமல் இருக்கு. இரண்டு நாளாய் நித்திரை சரியில்லை.

தேவன் அண்ணை திரும்பக் கேட்டாராம். இவர் சொன்னது: "கஷ்டமான சோதினை அண்ணை. படிச்சுக்கொண்டிருக்கிறா."

நவம்பர் 8, சனி

சோதினை. வெளியில பனிப்புகார், பத்தடிக்கு அங்கால தெரியேல்லை. மண்டபத்தில எல்லாம் பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பிள்ளையள்.

வாசிப்பில இரண்டாம் உரை டயாலிசிஸ். நாலு வருசம் அந்த வார்டில நிண்டவள் நான். மீன் செவுள் வந்திருந்தா இவ்வளவு பயந்திருக்க மாட்டன். வரி வரியாய்ப் போனன். இரண்டு இடத்தில எனக்குத் தெரிஞ்சதுக்கு நேர்மாறாய்ப் போட்டிருந்தவை. போட்டிருந்தபடியே குறிச்சன். கடைசி மூண்டு கேள்விக்கு நேரம் இல்லை, கண்டபடி புள்ளடி போட்டன்.

வெளியில இவர், காருக்குள்ள.

"எப்பிடி?"

"தெரியாது."

ஹீட்டரைக் கூட்டிவிட்டுக் காரை எடுத்தார்.

ஜனவரி 7, புதன்

பனி கொட்டுது. பின்னேர வேலை. தேத்தண்ணிக்கு இருக்கேக்க போனில முடிவு வந்திட்டுது.

வாசிப்பு: போனமுறை அடியில. இந்தமுறை நடுவுக்கு மேல.

துளசிக்கு அனுப்பினன். பாத்திட்டுச் சொன்னாள், "மொத்தப் புள்ளி காணும் அக்கா. விண்ணப்பியுங்கோ. இடம் கிடைக்குமோ தெரியாது. ஆனா இதோட விண்ணப்பிக்கலாம்."

இவருக்கு எடுத்தன். விசயத்தைச் சொன்னன். களஞ்சியத்தில ஏதோ வண்டி பின்னுக்கு வாற பீப் சத்தம்.

"வடிவாய் வாசிச்சனீரோ?"

"ஓம்."

"எனக்கும் வாசியும். முதல் வரியிலயிருந்து."

வாசிச்சன். என்ர பேர். பிறந்த திகதி. பிறந்த இடம். அதில நிண்டிட்டன்.

"நிப்பாட்டாதையும்," எண்டார்.

11ஆம் அறையில மணி அடிக்குது. போறன்.