பூஜ்யமாக்கப்பட்ட பிழைகள்

பாட்டுகளை அழித்தது நீ அல்ல. வேலூரில் தரவு மீட்புக்கூடம் நடத்துபவர் நேற்று கையெழுத்திட்டுத் தந்த அறிக்கை இதை உறுதி செய்கிறது. அந்தத் தாள் என் மேசைமேல் இருக்கிறது. நீ இறந்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது.

ஜமுனாமரத்தூரில் அந்த அறக்கட்டளையின் ஒலிக்காப்பகத்தை நீ கவனித்துவந்தாய். மலைக்காரர்களின் பாட்டும் பேச்சும் இரண்டு வட்டுகளில், ஒன்றுக்கொன்று நகலாக இருந்தன. மாதந்தோறும் கணினி இரண்டையும் ஒப்பிட்டு, பொருந்தாத இடங்களை எண்ணிச் சொல்லும். எப்போதும் பூஜ்யம்தான். ஒரு மாதம் பூஜ்யம் வரவில்லை.

அன்று நான் உன் அறையில் இருந்தேன். மேலாளர் எட்டிப் பார்த்தார்.

“இன்னாம்மா, நம்பரு ஏறிக்கினே போவுது? பணம் குடுக்கறவங்க அடுத்த வாரம் பாக்க வர்றாங்க. ரிப்பேர்னு ஒண்ணு கீதாமே, அத்த தட்டிவுடு.”

“பேருதான் சார் ரிப்பேரு. மொத வட்டுல இருக்கறத ரெண்டாவதுல அப்படியே எழுதிடும். எது கெட்டதுன்னு அதுக்குத் தெரியாதுங்க. ஒவ்வொரு பாட்டா கேட்டுப் பாத்துட்டுதான் செய்யணும்.”

“நீ கேட்டு முடிக்கறதுக்குள்ள ஆடி வந்துடும்.”

அவர் போனதும் என்னைப் பார்த்துச் சிரித்தாய். “இன்னா ரிப்போர்ட்டரே, ரெண்டு பேரும் ஒரே பொய்யச் சொன்னா நெஜமாய்டுமா?”

பிறகு காய்ச்சலில் நீ மருத்துவமனையில் கிடந்தபோது, உன் இருக்கையில் உட்கார்ந்து யாரோ அந்தக் கட்டளையைக் கொடுத்தார்கள். எண்ணிக்கை பூஜ்யமானது. வந்தவர்கள் பாராட்டிவிட்டுப் போனார்கள். கெட்டிருந்தது முதல் வட்டுதான் என்பதும், பல பாட்டுகள் இரண்டிலும் வெறும் இரைச்சலாகிவிட்டதும் அப்புறம்தான் தெரிந்தது. “மாசாமாசம் சோதனன்னு சொல்லி வட்டயே தேச்சுட்டா” என்று மேலாளர் சந்தையெல்லாம் சொன்னார். உன்னை வேலையிலிருந்து நீக்கினார்கள். சோதனை படிக்க மட்டுமே செய்யும், எதையும் எழுதாது என்று நீ சொன்னதை நான் செய்தியாக்கினேன். ஆதாரம் இல்லையென்று பத்திரிகை ஆசிரியர் நிறுத்திவைத்தார்.

நெல்லிவாசல்நாட்டுப் பெரியவர் ஒருவர், செத்துப்போன மனைவி சாமை குத்தும்போது பாடிய பாட்டைக் கேட்கச் சந்தைக்குச் சந்தை வருவாரே. பேருந்து நிற்குமிடத்தில் உன்னை மறித்தார். “நீதான் அழிச்சுட்டியாமே. உனக்கு அவ இன்னா பாவம்மா பண்ணா?” நாம் பேருந்தில் ஏறினோம். கண்ணமங்கலம் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாய். அந்தக் கேள்வியோடுதான் நீ போய்ச் சேர்ந்தாய்.

பழைய வட்டுகளை மீட்புக்கு அனுப்பியவர் புது மேலாளர். அழித்தது சோதனை அல்ல, அந்தக் கட்டளைதான் என்றும், அது நீ மருத்துவமனையில் கிடந்த நாளில் கொடுக்கப்பட்டது என்றும் கணினியின் நிகழ்வுப் பதிவு காட்டிவிட்டது.

இப்போதெல்லாம் இரண்டு பேர் ஒரே தகவலைச் சொன்னால், ஒருவரிடம் கேட்டு மற்றவர் சொல்கிறாரா என்று விசாரிக்கிறேன். நீ கொடுத்த பழக்கம்.

உன் நீக்க ஆணையை ரத்து செய்வது பற்றி நிர்வாகக் குழு பங்குனியில் கூடி முடிவெடுக்குமாம். சாமைப் பாட்டு மீளுமா என்பதற்கு மீட்புக்கூடத்தின் எழுத்துப்பூர்வமான பதில் தை கடைசியில் வரும். மேலே வேறொன்று எழுதப்பட்டுவிட்ட பாட்டு திரும்பாது என்று வாய்மொழியாக இப்போதே சொல்லிவிட்டார்கள். பெரியவரிடம் இன்னும் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஜீப் கிடைத்தால் வரும் சந்தைக்கு அவர் இறங்குவார். நான் போய்ச் சொல்ல வேண்டும்.