தோளில் ஒட்டிய பஞ்சு

1977 மார்ச் 28

ரசத்துக்கு இரண்டு தரம் உப்பு போட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர் அப்படியே ஊற்றிச் சாப்பிட்டார். புத்தி சாப்பாட்டில் இருந்தால்தானே.

எமர்ஜென்சி போய்விட்டது, இனிமேல் யாரும் யாருக்கும் பயப்பட வேண்டாம் என்று எங்கள் சாரம் பேட்டை முழுக்க அதே பேச்சு. எங்கள் மில்லில் பதினேழு வருஷமாக எமர்ஜென்சிதான். அதன் பெயர் காத்தவராயன். சங்கத் தலைவர். பிரெஞ்சுக்காரத் துரையைக் கூப்பிடுகிற மாதிரி அவரை "முசே" என்றுதான் கூப்பிட வேண்டும். அவர் வந்தால் ஆண்கள் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். இன்றைக்குப் பாவாடை அண்ணன் தறியில் அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தார், இரண்டு கையும் வேலையில். துண்டை எடுக்க நேரமாகிவிட்டது. அதற்கு மூன்று நாள் சங்கத்திலிருந்து விலக்கு, வேலையும் கிடையாது. சங்கத்தில் இல்லாதவனைக் கேட்டில் விடக் கூடாது என்று மேனேஜரோடு அவர் ஒப்பந்தம் போட்டு வைத்திருக்கிறார். அவர் வைத்ததுதான் சட்டம்.

அறுபது வயசு மனுஷன் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றதைப் பார்த்தேன். அதே ஷெட்டில் தறி ஓட்டுகிற என் வீட்டுக்காரரும் பார்த்தார். ரசத்தை அவர் கவனிக்காததற்கு அதுதான் காரணம்.

1977 ஏப்ரல் 9

"நான் நிக்கப் போறேன் தையலு" என்கிறார். சங்கத் தேர்தலில், காத்தவராயனுக்கு எதிராக!

கையிலிருந்த சொம்பு கீழே விழுந்துவிட்டது. "உங்களுக்குப் பைத்தியமா?" என்றேன். சிரிக்கிறார். இந்த மனுஷனைக் காப்பாற்றத்தானே அந்தச் சைகையையே கண்டுபிடித்தேன்?

அதையும் எழுதி வைக்கிறேன். நான் வைண்டிங்கில் இருக்கிறேன், கோனில் நூல் சுத்துகிற வேலை. மிஷின் சத்தத்தில் பேச்சு காதில் விழாது. உதட்டாலும் கையாலும்தான் நாங்கள் பேசுவது. பசி என்றால் வயிற்றைத் தொடுவோம். மேஸ்திரி வந்தால் விரலை வளைத்து மூக்குக் கண்ணாடி. காத்தவராயன் வந்தால் இடது தோளை இரண்டு தட்டு, "துண்டை எடு" என்று அர்த்தம். எங்கள் செக்‌ஷன் வாசல் பக்கம் இருப்பதால் முதலில் பார்ப்பது நாங்கள்தான். நாங்கள் தட்டினால் தறிக்காரர்களுக்குப் போய்ச் சேரும். வேலைக்குச் சேர்ந்த வருஷம் நான் ஆரம்பித்து வைத்தது. பேட்டைக்காரி மூளை என்று அஞ்சலாட்சி கிண்டல் செய்வாள்.

1977 ஏப்ரல் 24

இதை இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

தேர்தல் வைக்கச் சொல்லி நாலு நாள் தறியை நிறுத்திவிட்டோம். லேபர் ஆபீஸிலிருந்து ஒருத்தர் வந்து உட்கார்ந்த பிறகுதான் தேர்தல் என்று ஒத்துக்கொண்டார்கள். காத்தவராயன் வழக்கம்போல, "எனக்கு வேணும்கிறவன் கையத் தூக்கு" என்றார். எழுநூறு பேரும் சும்மா நின்றோம். அப்போது என் பக்கத்து மிஷின் அஞ்சலாட்சி முன்னால் வந்தாள். கருவடிக்குப்பத்திலிருந்து நடந்தே வருகிறவள், புருஷன் இல்லாதவள், இரண்டு பெண் குழந்தைகள்.

"கையத் தூக்கச் சொன்னா பயந்தவந்தான் தூக்குவான். சீட்டு போடுவோம். பெட்டி வையிங்க."

சொன்னதோடு நிற்கவில்லை. நூல் பாபின் வைக்கிற காலிப் பெட்டி ஒன்றைத் தூக்கி வந்து மேஜைமேல் டம் என்று வைத்தாள். மேல்பலகையில் சீட்டு நுழைய வெட்டுக்கத்தியால் சந்து போட்டது யார் தெரியுமா? பாவாடை அண்ணன்.

என் ஆயுசில் இப்படி ஒரு நாளைப் பார்த்ததில்லை.

1977 ஏப்ரல் 25

ஜெயித்துவிட்டார். ஜெயித்துவிட்டோம்!

முதல் காரியமாக இவர் பாவாடை அண்ணனின் இடுப்புத் துண்டை அவிழ்த்து, தன் கையாலேயே அண்ணன் தோளில் போட்டார். பாவாடை அண்ணனுக்குச் சந்தோஷத்தில் வாய் குழறி, "நீ நல்லாருக்கணும் முசே" என்று வந்துவிட்டது. எல்லோரும் சிரித்தோம். இவர் மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணே, அந்த வார்த்த இன்னியோட செத்துப்போச்சி. நான் தோழர் ஜானகிராமன். வருஷா வருஷம் இந்தப் பெட்டி வரும். என்னைப் புடிக்கலன்னா எறக்கி விடுங்க. அந்தக் கேட்டு ஒப்பந்தத்தக் கிழிச்சிப் போடறேன்" என்றார். எனக்கு அழுகை வந்தது.

பெட்டி எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. பத்திரமாக.

1978 ஏப்ரல் 20

இந்த வருஷம் தேர்தல் இல்லையாம். காத்தவராயன் ஆட்கள் உள்ளே நுழையக் காத்திருக்கிறார்களாம். அடுத்த வருஷம் கட்டாயம் என்கிறார். நியாயந்தானே? பெட்டியில் வெங்காயம் போட்டு வைத்தேன்.

1978 டிசம்பர் 3

"அந்தக் கேட்டு ஒப்பந்தத்தை எப்பங்க கிழிக்கப் போறீங்க?"

"அது இப்ப நம்ம கையில இருக்கு தையலு. நல்ல கையில இருந்தா கத்தியும் காய்தான் நறுக்கும்."

பேசத் தெரிந்த மனுஷன். நானும் தலையாட்டிவிட்டு நிஜமாகவே காய் நறுக்கப் போனேன்.

1979 ஏப்ரல் 22

தேர்தல் நடந்தது. பெட்டி இல்லை. "தோழருங்களுக்குள்ள மறைவு எதுக்கு?" என்று கேட்டார். கை தூக்கச் சொன்னார். தூக்கினோம். நான் முன் வரிசை.

அஞ்சலாட்சியும் தூக்கினாள், ஆனால் என்னையே பார்த்துக்கொண்டு தூக்கினாள். பிறகு மிஷினில் நின்றபோது என் பக்கம் திரும்பி உதட்டை மட்டும் அசைத்தாள்: "பெட்டி எங்கடி?"

வெங்காயம் என்று சைகை காட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

1980 பிப்ரவரி 11

என்ன எழுதுவது. தறி ஷெட்டுக்கு அவருக்குச் சாப்பாடு கொண்டு போனேன். அவர் நடந்து வருகிறார். கூடவே அரிகிருஷ்ணன் – இப்போது சங்கச் செயலாளர், இவருக்கு முன்னால் நடக்கவே மாட்டான். பாவாடை அண்ணன் லீவு கேட்டு நின்றார். பழைய நாக்கு புரண்டுவிட்டது. "முசே" என்று கூப்பிட்டுவிட்டார். கூப்பிட்டதும் அவரே வெலவெலத்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இவர் திட்டவில்லை, திருத்தவில்லை. திரும்பி, "இன்னாப்பா?" என்றார். அவ்வளவுதான். மூன்று வருஷத்துக்கு முன் "அண்ணே" என்று கூப்பிட்டவரை, "இன்னாப்பா?"

பாவாடை அண்ணன் துண்டு இடுப்பில் இருந்தது. எப்போதிலிருந்து? நான் ஏன் பார்க்கவில்லை? தினம் அந்த வழியாகத்தானே போகிறேன்!

1980 பிப்ரவரி 12

கேட்டேன். "அவரு பழக்கத்துல கட்டிக்கிறாரு, நானா சொன்னேன்?" என்கிறார். அவர் சொல்லியிருக்க மாட்டார், நம்புகிறேன். தோளில் போடவும் சொல்லவில்லையே?

1980 ஆகஸ்ட் 17

நான் செய்த காரியத்தை எப்படி எழுதுவேன்.

அஞ்சலாட்சி போன மாசம் ஐம்பது பேரிடம் கையெழுத்து வாங்கினாள். "பெட்டி வைத்துத் தேர்தல் நடத்தவும்" – ஒரே வரி. இன்றைக்குக் கூட்டம். அவள் காத்தவராயனின் ஆளாம். காத்தவராயனை இறக்கியவள் அவரோட ஆளாம்! அவளைச் சங்கத்திலிருந்து நீக்க ஒரு தீர்மானம். அரிகிருஷ்ணன் படித்தான். இவர், "ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க" என்றார்.

கையெழுத்துப் போட்ட ஐம்பது பேரும் தூக்கினார்கள். நான்... நானும் தூக்கினேன். யாரும் என் கையைப் பிடித்துத் தூக்கவில்லை. பக்கத்தில் எல்லாக் கையும் மேலே போனது, என் கையும் போய்விட்டது. அவர் புருஷன், நான் பெண்டாட்டி, மத்தவங்க என்ன நினைப்பாங்கன்னு – அடச்சீ, எதுக்கு இந்தச் சப்பைக்கட்டு.

அஞ்சலாட்சி முந்தானையை இழுத்துச் செருகினாள். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனாள். நாளைக்குக் கேட்டில் அவளை விட மாட்டார்கள். அதே ஒப்பந்தம்.

1980 செப்டம்பர் 7

கருவடிக்குப்பம் போனேன். அஞ்சலாட்சி தட்டாஞ்சாவடியில் ஒரு சோப்புக் கம்பெனியில் சோப்புக்குக் காகிதம் சுற்றுகிறாள். காரத்தில் விரல் நுனியெல்லாம் வெந்து தோல் உரிந்திருக்கிறது. உட்காரச் சொன்னாள், காபி கொடுத்தாள். நான் அழுதேன். அவள் அழவில்லை.

"அவரு நீக்குனாரு, அத உட்டுத்தள்ளு. உன் கைய நான் பாத்தேன்டி தையலு. எல்லாக் கைக்கும் நடுவுல உன் வளையலத்தான் பாத்தேன்."

வளையலைக் கழற்றிவிட்டேன். கழற்றி என்ன ஆகப்போகிறது.

1980 நவம்பர் 19

பத்து நாள் காய்ச்சலுக்குப் பிறகு இன்று வேலைக்குப் போனேன். "தலைவர் வீட்டம்மா எதுக்கு நூல் சுத்தணும்?" என்று அரிகிருஷ்ணன் வீட்டுக்கே வந்து சொன்னான். நான் கேட்கவில்லை.

வைண்டிங் வாசலில் கால் வைத்தேன். முதல் மிஷின் சின்னப்பாப்பா என்னைப் பார்த்துவிட்டுத் தோளைத் தட்டிக்கொண்டாள். பஞ்சு ஒட்டியிருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த மிஷினிலும் தட்டினார்கள். அதற்கடுத்தும். இன்றைக்குப் பஞ்சு அதிகம் போல என்று என் தோளையும் தட்டிப் பார்த்தேன். பஞ்சே இல்லை.

பிறகுதான் பார்த்தேன். எல்லோரும் இடது தோள். இரண்டு தட்டு. அசைந்துகொண்டிருந்த உதடுகள் எல்லாம் ஒட்டிக்கொண்டன.

எனக்கா? எனக்கா அது? திரும்பிப் பார்த்தேன், அவர் பின்னால் வருகிறாரோ என்று. யாரும் இல்லை. நான் மட்டும்தான் நின்றிருந்தேன்.

நான் கண்டுபிடிச்சதுடி அது! என் சைகைய எனக்கே காட்றீங்களே. உள்ளே போய் மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சின்னப்பாப்பா சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. காத்தவராயனை அவள் பார்த்ததே இல்லை. அந்தச் சைகைக்கு அர்த்தம் நாங்கள் என்றுதான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

1980 நவம்பர் 20

அவரிடம் சொன்னேன். துண்டை எடுத்துக் கொடியில் போட்டார். பிறகு, "யாரு யாரு தட்டுனாங்க?" என்று கேட்டார்.

பெயர் கேட்கிறார். அதைத்தான் கேட்கிறார். "ஞாபகமில்லை" என்றேன். கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் பொய்.

1981 ஏப்ரல் 25

இன்று கூட்டம். "நிரந்தரத் தலைவர்" என்று தீர்மானம். இனிமேல் தேர்தலே தேவையில்லையாம், சங்கத்துக்கு வீண் அலைச்சலாம். மேடையில் அவருக்குப் பக்கத்தில் எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். நான் கீழே சின்னப்பாப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

நேற்றே வெங்காயத்தைக் கொட்டிவிட்டு, பெட்டியைத் துடைத்து, சாக்கில் சுற்றிக் கொண்டு போயிருந்தேன். மேடை மேஜைமேல் வைக்க வேண்டும் என்று. வைக்கவில்லை. என்னால் முடியவில்லை. அஞ்சலாட்சிக்கு இருந்த நெஞ்சு எனக்கு இல்லை. மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

"ஆதரிக்கிறவங்க" என்றார். கைகள் மேலே போயின. என் இரண்டு கையும் பெட்டிமேல் இருந்தன. எடுக்கவில்லை. அவர் பார்த்தார். சாக்கில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். சாக்கு விலகி அந்தச் சந்து தெரிந்தது. எதிர்க்கிறவர்கள் யார் என்று அவர் கேட்கவே இல்லை.

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "ஏகமனதாக நிறைவேறியது" என்றார்.

வீட்டில் சோறு போட்டேன். தட்டை நகர்த்திவிட்டுப் போய்ப் படுத்தார்.

1981 ஏப்ரல் 27

இன்று வைண்டிங் வாசலில் கால் வைத்தபோது யாரும் தோளைத் தட்டவில்லை. உதடுகள் நிற்கவில்லை. சின்னப்பாப்பா வயிற்றைத் தொட்டுக் காட்டினாள், பசிக்கிறதாம். தூக்கிலிருந்து அவளுக்கு இரண்டு இட்லி கொடுத்தேன்.

பதினொரு மணி இருக்கும். வாசல் பக்கம் திரும்பினேன். அவர் வந்துகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் புதுத் துண்டு, பின்னால் அரிகிருஷ்ணன். கையில் ஒரு காகிதம், அஞ்சலாட்சியை நீக்கப் படித்தது போல ஒன்று. என் பெயராக இருக்கலாம். இன்னும் யார் பெயராவதாகவும் இருக்கலாம். பாவாடை அண்ணன் உள்ளே தறியில் குனிந்து நூல் முடிந்துகொண்டிருந்தார், துண்டு மறுபடியும் தோளில்.

வேறு யாரும் இன்னும் பார்க்கவில்லை. நான்தான் முதலில் பார்த்தேன்.

இடது தோளை இரண்டு தட்டு தட்டினேன்.