ரேடியேட்டரில் வைத்த கை

1974 நவம்பர் 12, செவ்வாய்

என் மனைவி சரோஜாவின் அஸ்தியோடு ஊருக்குப் போனபோது வீட்டில் காஸ் இணைப்பை நிறுத்திவிட்டுப் போனோம். திரும்பி வந்ததிலிருந்து நானும் மகளும் கோட்டு போட்டுக்கொண்டுதான் சாப்பிடுகிறோம். லைசென்ஸ் உள்ள ஆள்தான் வீட்டைச் சூடாக்கும் காஸ் பாய்லரைத் தொடலாமாம். பல்பு மாட்டவே மகளைக் கூப்பிடுகிற எனக்கு அப்படி ஒரு சட்டமே தேவையில்லை.

போன வருஷம் வந்த அதே பிரெஞ்சுக்காரர்தான் இன்றும் வந்தார். பாய்லரை இணைத்ததும் நிலவறையிலிருந்து, "மதாம் மேலேதானே? போன தடவை மாதிரி ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்துக் குரல் கொடுக்கச் சொல்லுங்க" என்றார்.

அவள் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தொந்தியைத் தூக்கிக்கொண்டு நானே மாடி ஏறினேன். சுவரோரம் இருந்த ரேடியேட்டரில் கை வைத்துக் காத்திருந்தேன். இரும்பு மெல்லச் சூடேறியது. அவளைப் போலவே தமிழில், "சூடாயிடுச்சுங்க" என்று கத்தினேன். குரல் கீச்சென்று வந்தது.

"மெர்சி, மதாம்" என்று நன்றி சொன்னார் கீழேயிருந்து.

முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் வெகுநேரம் கீழே இறங்க முடியவில்லை.

இப்போது வீடு முழுக்கச் சூடாக இருக்கிறது. மகள் கோட்டைக் கழற்றிவிட்டுத் தூங்குகிறாள். எனக்குத்தான் இன்னும் கழற்ற மனசு வரவில்லை.